சாவி பச்சைக் கதவு வீட்டில்

பலென்சியாவைத் தாண்டி வடக்கே, மூன்றாம் நாள்.
வண்டியின் வலது ஜன்னல் மேலே ஏறாது.
கோதுமை அறுத்த வயல்களின் தூசெல்லாம்
என் மடியில்தான் வந்து உட்காருகிறது.
எதுர்னே ஓட்டுகிறாள்.
வரைபடத்தைத் தப்பாகப் படிப்பது என் வேலை.

ஊர்ப்பலகையில்
மக்கள்தொகை பதினொன்று என்று இருந்ததை
யாரோ கரியால் அடித்துவிட்டு
பதினான்கு என்று எழுதியிருக்கிறார்கள்.

கோயில் பூட்டியிருந்தது.
இந்தப் பக்கம் எல்லாக் கோயிலும் பூட்டித்தான் இருக்கும்.
கதவில் ஒரு காகிதம்:
சாவி பச்சைக் கதவு வீட்டில்.

பச்சைக் கதவுகள் மூன்று.
முதலாவதைத் தட்டினால் நாய் குரைத்தது.
இரண்டாவது டிராக்டர் கொட்டகை.
மூன்றாவதில் எர்மெலிந்தா
சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'இன்னும் பதினெட்டு கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம்.
அதுவரை கடவுளே வந்தாலும்
வெளியேதான் நிற்கணும்.'

நின்றோம்.

கூரை விளிம்பைத் தாங்கும் கற்களில்
இருபத்தாறு உருவங்கள்.
பீப்பாய் சுமப்பவன்,
காலில் முள் எடுப்பவன்,
வேட்டைநாயின் முதுகில் சவாரி போகும் முயல்,
பாவாடையைத் தூக்கிக் காட்டுகிற ஒருத்தி
(எதுர்னே அவளை நான்குமுறை படம் எடுத்தாள்).
ஒன்பதாவது ஆளின் முகத்தை
மழை முழுசாகத் தின்றுவிட்டது.
ஒரு காது மட்டும் மிச்சம்.
எண்ணூறு வருஷமாக அது கேட்டுக்கொண்டிருப்பது
இடி, ஆட்டுமணி, டிராக்டர்,
இப்போது நாங்கள்:
முந்தின ஊரில் இடப்பக்கம் திரும்பியிருக்கவேண்டும்
என்று நானும்,
அதை முந்தின ஊரிலேயே சொல்லியிருக்கவேண்டும்
என்று அவளும்.

எர்மெலிந்தா ஏப்ரனோடு வந்தாள்.
சாவி ஓர் அகப்பை நீளம்.
யார் ஜெயித்தது என்று கேட்டேன்.
'யாரோ. நான் கடைசியில் வந்தவனைத்தான் பார்த்தேன்.'

ஒரு யூரோ போட்டால்
மூன்று நிமிஷம் விளக்கெரியும்.
போட்டோம்.
தூணின் தலையில் தானியேல்,
இரண்டு பக்கமும் சிங்கங்கள்.
அந்தக் கல்தச்சன் சிங்கத்தைக் கண்டவனில்லை.
பிரசங்கத்தில் கேட்டிருப்பான்.
ஊர் மந்தைநாய்க்குப்
பிடரியில் நாலு சுருள் வைத்து
சிங்கம் என்று சொல்லிவிட்டான்.
ஓநாய் கவ்வாமலிருக்கக் கட்டும் முள்பட்டையைக்
கழுத்திலிருந்து கழற்ற
மறந்தே போனான்.
அவை தானியேலின் கையை நக்கிக்கொண்டிருந்தன.

'இவர் பயப்படவில்லை என்று
பாதிரியார் பெரிதாகச் சொல்வார்' என்றாள் எர்மெலிந்தா.
'நம்ம ஊர் நாய்க்கு யார் பயப்படுவா?'

விளக்கு அணைந்தது.

எதுர்னே பையைத் துழாவினாள். சில்லறை இல்லை.
என்னிடம் ஐம்பது சென்ட்; பெட்டி அதைத் துப்பிவிட்டது.
மெழுகு வாசனை, எலி வாசனை,
எங்கோ ஒரு மூட்டைப் பார்லி.
'எதற்கு விளக்கு?
கரண்டு வந்தபோது எனக்குப் பதினாறு வயசு.
அதுவரை இதைக் கையால்தான் பார்த்தேன்.
அந்த ஸ்டூலில் ஏறுங்கள்.'
ஒரு ஸ்டூல், இரண்டு பேர்.
என் மணிக்கட்டைப் பிடித்து எங்கோ வைத்தாள்.
முள்பட்டையின் ஒரு முள்.
அதற்குக் கீழே, கல்லைவிடச் சூடாக,
எதுர்னேயின் கட்டைவிரல்.
நான் அதை நகர்த்தச் சொல்லவில்லை.

வெளியே வந்தால் வெயில் கண்ணில் அறைந்தது.
சரிவில் ஒரு பையன்
தன் உயரத்துக்குப் பெரிய சைக்கிளை
நின்றபடி மிதித்து ஏறிக்கொண்டிருந்தான்.
பின்னால் முதல் பச்சைக் கதவின் நாய்.
'அசென்! பல்கேரிய மேய்ப்பன் வீட்டுப் பிள்ளை.
போர்டில் கரியால் எழுதினது இவன்தான்' என்றவள்
சாவியை வீசி வீசிக் கத்தினாள்:
'இருநூறு மீட்டர்! விடாதே!'

வண்டியைக் கிளப்பும்போது
ஏறாத ஜன்னலைப் பிடித்துக்கொண்டு
மூச்சிரைக்கக் கேட்டான்:
'எவ்வளவு நேரம் ஆச்சு எனக்கு?'
மூன்று நிமிஷம் என்றேன்.
கடிகாரத்தை நான் பார்க்கவேயில்லை.

'சே' என்று திரும்பி
மறுபடி கீழே போனான்.